பாதியில் எழுந்தவளின் குண்டூசிகள்

ஆண்டின் பொதுக்காலம் 13-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு



மூன்று வாரத்துக்கு முன்னால் நம் ஊர்ப் பெண் ஒருவர் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். பிள்ளையின் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தவர், அதை வாங்கிக்கொண்ட பிறகும் கிளம்பாமல் நின்றார். "ஒண்ணு கேக்கணும் ஃபாதர். சிரிக்கக் கூடாது" என்றார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இதைக் கோயிலில் பேசலாமா என்று அவரிடமே கேட்டேன். பேசுங்க, பேரு மட்டும் வேண்டாம் என்றார். யாராக இருக்கும் என்று இப்போதே திரும்பித் தேடாதீர்கள், பீடத்தைப் பாருங்கள்.

அவர் வீட்டில் ஆரி வேலை செய்கிறவர். மாமியாருக்குப் பக்கவாதம், ஆறு மாதமாகப் படுக்கை. கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். இந்தச் சாரல் காலத்தில் வாரத்தில் பாதி நாள் மரத்தில் கத்தி வைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் என்றால் பள்ளிக்கூடச் செலவு வேறு. ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டிய கல்யாணங்கள் எல்லாம் ஆனியில் நெருக்கிக்கொண்டு வருவதால் பிளவுஸ் ஆர்டர் மட்டும் குறையவில்லை. ஒரு மணப்பெண்ணின் பிளவுஸை மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார். முதுகில் ஒரு மயில். மயிலின் கழுத்து முடிந்துவிட்டது, தோகை பாதியில் நிற்கிறது.

"மாமியைத் துடைச்சு, துணி மாத்தி, கஞ்சி கொடுத்துட்டு வந்து உக்காருவேன் ஃபாதர். பச்சை நூலை எடுத்து ரெண்டு சுத்து போட்டதும் மனசுக்கு அப்படியொரு சந்தோஷம். உடனே பயமா இருக்கும். வீடு இருக்கிற இருப்புக்கு எனக்கு என்ன சந்தோஷம்? இது தப்பா?"

காசுக்காகச் செய்கிறேன், நேரம் போதவில்லை என்று சொல்லியிருந்தால் எனக்குப் பதில் கைவசம் இருந்தது. அவர் கேட்டது சந்தோஷத்தைப் பற்றி. தப்பில்லை அம்மா, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதிலே இல்லை என்று அவர் படியிறங்கும்போதே எனக்குத் தெரிந்தது. இன்றைய நற்செய்தியைப் படித்துத் தயாரிக்க உட்கார்ந்தபோது அந்தக் கேள்வி மறுபடி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது.

மாற்கு சொல்லும் நிகழ்ச்சியைப் பாருங்கள். யாயிர் என்கிற தொழுகைக்கூடத் தலைவர் ஓடி வருகிறார். பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு உடனே புறப்படுகிறார். நல்ல காரியம், அவசரக் காரியம். வழியில் ஒரு பெண் கூட்டத்துக்குள் நுழைந்து அவருடைய மேலுடையைத் தொடுகிறார். பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கு, வைத்தியர்களிடம் கையிலிருந்த எல்லாம் போய்விட்டது. இயேசு நின்றுவிடுகிறார். தொட்டது யார் என்று கேட்கிறார். சீடர்களுக்கு எரிச்சல். இவ்வளவு பேர் நெருக்கும்போது இது என்ன கேள்வி என்கிறார்கள். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு வந்து தன் கதையை முழுவதும் சொல்கிறார். பன்னிரண்டு ஆண்டுக் கதை, சீக்கிரம் முடிந்திருக்காது.

இந்த இடத்தில் நான் எப்போதும் யாயிரின் முகத்தைத்தான் நினைத்துப் பார்ப்பேன். அவர் ஒரு வார்த்தையும் பேசியதாக மாற்கு எழுதவில்லை. ஆம்புலன்ஸ் நடுவழியில் நின்று இன்னொருவரை ஏற்றிக்கொண்டிருக்க, உள்ளே மகளை மடியில் போட்டுக்கொண்டு இருக்கும் தகப்பனுக்கு எப்படி இருக்கும்? அந்தத் தாமதத்துக்குள்தான் செய்தியும் வருகிறது, மகள் இறந்துவிட்டாள் என்று. ஆகவே, தடங்கல் எல்லாம் நன்மைக்கே என்று நான் இந்தப் பீடத்திலிருந்து சொல்ல மாட்டேன். படுக்கையில் கிடப்பவர் இருக்கிற வீட்டில் போய் அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு நாளாவது அந்தப் படுக்கையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தப் பெண் எதைத் தொட்டார்? மாற்கு மேலுடை என்கிறார். மத்தேயுவும் லூக்காவும் அந்த ஆடையின் ஓரம் என்கிறார்கள். யூதர்கள் தங்கள் ஆடையின் முனைகளில் குஞ்சம் வைத்து, அதில் நீல நூல் ஒன்றைக் கோத்துக் கட்ட வேண்டும் என்று எண்ணிக்கை நூலில் கட்டளை உண்டு. எவரோ ஒருவர் உட்கார்ந்து அந்த நூலை முறுக்கியிருக்கிறார், முடிச்சுப் போட்டிருக்கிறார். நாசரேத்து மரியாவோ, இயேசுவுடன் கூட நடந்த பெண்களில் ஒருவரோ, நமக்குத் தெரியாது. அவர் அதை முறுக்கிக்கொண்டிருந்தபோது அடுப்பில் ஏதாவது பொங்கி வழிந்திருக்கும், வாசலில் யாராவது கூப்பிட்டிருப்பார்கள். தையல் கடையில் ஓரம் அடிக்கிற வேலையைப் புதிதாக வந்த சின்னப் பிள்ளையிடம் கொடுப்போம், பெரிய வேலை இல்லை என்று. ஊர் முழுக்க ஒதுக்கி வைத்த ஒரு பெண்ணின் விரல் எட்டியது அந்த ஓரம் வரைக்கும்தான்.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம்.

விடுதலைப் பயண நூலின் 35-ஆம் அதிகாரத்தை வீட்டில் போய் வாசியுங்கள். பாஸ்கா திருவிழிப்பில் செங்கடலைப் பிளந்தது வரைக்கும் வாசித்துவிட்டு நாம் மூடி வைத்துவிடுகிறோம். பாலைவனம். நேற்று வரைக்கும் செங்கல் அறுத்த அடிமைகள். சொந்த வீடு இல்லை, வயல் இல்லை, காலையில் மன்னா விழுந்தால்தான் சாப்பாடு. அப்படிப்பட்ட மக்களிடம் கடவுள் என்ன கேட்கிறார்? நீலம், கருஞ்சிவப்பு, சிவப்பு நூல். முறுக்கிய மெல்லிய நார்ப்பட்டு. கெருபுகளின் உருவம் வைத்து நெய்த திரைகள். பெட்சலேல் என்று ஒருவர், ஒகோலியாபு என்று இன்னொருவர், இவர்கள் இருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கலைத்திறனைத் தாமே கொடுத்ததாக ஆண்டவர் சொல்கிறார். கைத்திறன் உள்ள பெண்கள் நூல் நூற்றுக்கொண்டு வந்தார்கள் என்று தனியாக எழுதியிருக்கிறது. குடியிருக்க வீடு இல்லாதவர்களிடம் பூவேலை செய்த திரை எதற்கு என்று நம் பங்குப் பேரவையில் யாராவது எழுந்து கேட்டிருப்பார்கள். கடவுள் கேட்கவில்லை. பாலைவனத்தைக் கடந்து, கானான் போய்ச் சேர்ந்து, வீடு கட்டி, கடன் அடைத்து, அதன் பிறகு அழகானதைச் செய்யலாம் என்று அவர் தள்ளிப்போடவில்லை. போகிற வழியிலேயே செய்யச் சொன்னார். கழற்றிச் சுருட்டித் தோளில் தூக்கிப் போகிற மாதிரி செய்யச் சொன்னார்.

அலுவலகத்தில் நின்ற அந்தச் சகோதரிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அம்மா, அந்தப் பச்சை நூலில் உனக்கு வருகிற சந்தோஷம் மாமியிடமிருந்து நீ திருடியது இல்லை. படைத்ததை எல்லாம் இருப்பதற்கென்றே கடவுள் படைத்தார், சாவை அவர் உண்டாக்கவில்லை என்று இன்றைய முதல் வாசகம் சொல்கிறது. ஒன்று இல்லாமல் இருந்து, பிறகு உன் கையால் இருப்பதாகும்போது வருகிற மகிழ்ச்சி அவருடைய மகிழ்ச்சியின் ஒரு துணுக்கு.

என் பெரியம்மையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ரேந்தை பின்னுகிறவர். லேஸ் என்று இப்போது சொல்கிறோம், எங்கள் வீட்டில் ரேந்தை. கன்னியர்களிடம் சின்ன வயதில் கற்றது. உருளை மாதிரி கெட்டியான தலையணை. அதன் மேல் புள்ளி குத்திய அட்டை. புள்ளிக்குப் புள்ளி குண்டூசி. ஒவ்வொரு நூலின் நுனியிலும் பென்சில் பருமனில் ஒரு மரக்கட்டை தொங்கும். பெரியம்மை கை நகரும்போது அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று மோதி, தூரத்தில் மழை ஓட்டில் விழுகிற மாதிரிச் சத்தம் வரும். வெள்ளை நூல் அழுக்காகக் கூடாது என்பதால் உட்காரும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைக்காமல் காற்றில் உலர்த்துவார்.

ஆறு பிள்ளைகள் வளர்த்தவர். உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகாது, யாராவது கூப்பிடுவார்கள். ஆடு கயிற்றை அறுத்துக்கொள்ளும். அவர் பதறியதே இல்லை. இரண்டு கட்டைகளைக் குறுக்கே மாற்றிப் போட்டு, ஒரு குண்டூசியைக் குத்தி, தலையணை மேல் வெள்ளைத் துணியை மூடிவிட்டு எழுந்து போவார். ஒரு தடவை பெரியப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்து ஒன்றரை மாதம் அந்தத் துணி விலகவே இல்லை. பிறகு ஒரு நாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து துணியை எடுத்தார். விட்ட இடம் விட்டபடியே இருந்தது. கட்டைகளின் பாரம் நூலைத் தொய்யவிடாமல் பிடித்திருந்தது. குண்டூசிகள் வளைவை வளைவாகவே வைத்திருந்தன. "எப்படிப் பெரியம்மை மறக்காம இருந்தீங்க?" என்று கேட்டேன். "நான் மறந்துட்டேன் மக்களே. ஊசி மறக்கல்ல" என்றார்.

பிழை வந்தால் கத்தரிக்க மாட்டார். வந்த வழியே ஒவ்வொரு கட்டையாகத் திருப்பிப் போட்டுப் பிரித்துக்கொண்டே போவார். பின்ன எடுத்ததை விடப் பிரிக்க அதிக நேரமாகும். அப்போது மட்டும் யாரும் பக்கத்தில் வரக்கூடாது.

ஆரி வேலைக்கு இந்தச் சலுகை கிடையாது, செய்கிறவர்களுக்குத் தெரியும். சங்கிலித் தையலில் கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் எழுந்தால், நூல் நுனியைப் பிள்ளை ஒரு இழு இழுத்தால் போதும், ஒரு மணி நேர வேலை சரசரவென்று அவிழ்ந்துவிடும். குழந்தை அழுதாலும் முடிச்சைப் போட்டுவிட்டு எழ வேண்டும். இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியை எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அழைத்தவுடன் எழவில்லை என்று முணுமுணுக்கிற கணவன்மார்கள் இங்கே இருந்தால், அந்த இரண்டு நொடி பொறுங்கள்.

நம் மாவட்டத்தில் ரேந்தை வேலை யாருடைய தடங்கல்களுக்கு நடுவில் பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த சீர்திருத்தச் சபை மறைப்பணியாளர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து எழுத்தோடு ரேந்தையும் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, மறைப்பணியாளர் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது ரேந்தையும் கூடப் போனது. நம் பக்கத்தில் 1897-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலிருந்து அன்னை மேரி லூயிஸ் தெ மெஸ்டர் முளகுமூட்டுக்கு வந்தார், ஆதரவற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள. அவர் தொடங்கிய சபைக் கன்னியர்களின் கையிலிருந்து வந்த ரேந்தையும் பூத்தையலும் எத்தனை வீட்டுக்கு அடுப்பெரித்தன என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

மார்த்தா மால்ட்டிடம் கற்ற அந்த முதல் பெண்கள் யார்? பலர் அடிமைக் குடும்பத்துப் பெண்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே ரேந்தை விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று சபை வரலாறுகள் பதிந்து வைத்திருக்கின்றன. மார்பை மூடி மேலாடை போட நம் பெண்களுக்கு உரிமை இல்லாத காலம். தோள்சீலைக்காக அடிபட்டு, துணி கிழிக்கப்பட்டு, 1859-இல்தான் அரச அறிக்கை வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. நினைத்துப் பாருங்கள். தன் தோளில் ஒரு முழத் துணி போடத் தடை. கையோ எங்கேயோ கடல் தாண்டி இருக்கிற ஒரு சீமாட்டியின் சட்டைக் கழுத்துக்குப் பூ பின்னிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண் தன் தலையணை மேல் துணியை மூடிவிட்டு எழுந்த தடவைகளை எந்தப் பதிவேடும் எழுதவில்லை.

இப்போது இரண்டாம் வாசகம். கொரிந்தியருக்குப் பவுல் எழுதுகிறார். எருசலேம் பக்கத்துச் சபையில் வறுமை. அதற்காகக் கொரிந்தில் காணிக்கை சேர்க்கிறார். அங்கே சமநிலை என்கிற ஒரு சொல்லைப் போடுகிறார். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் சமநிலை வேண்டும் என்று இப்போது எல்லாரும் பெண்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். காலை நாலரைக்கு எழு, அட்டவணை போடு, ஒரு கையில் தொட்டில், ஒரு கையில் தறி. தலையில் குடம் வைத்துக் கயிற்றில் நடக்கிற வித்தை மாதிரி. பவுல் சொல்கிற சமநிலை வேறு. உன்னிடம் மிச்சமிருப்பது இன்னொருவரின் குறையை நிரப்பட்டும், நாளைக்கு அவருடைய மிச்சம் உன் குறையை நிரப்பும் என்கிறார். உடனே பாலைவனத்து மன்னாவை நினைவூட்டுகிறார்: நிறையச் சேர்த்தவருக்கு மீறவும் இல்லை, குறையச் சேர்த்தவருக்குக் குறையவும் இல்லை. திரை நெய்த அதே மக்கள். அவர்கள் நூல் நூற்கிற நாளில் அந்த மன்னாவை யார் பொறுக்கி வந்திருப்பார்கள்? பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள்தான்.

பவுல் இதைச் சும்மா எழுதவில்லை. அவர் கூடாரம் செய்கிற தொழிலாளி. கொரிந்துக்கு முதன்முதலில் போனபோது அக்கிலா, பிரிஸ்கில்லா என்கிற கணவன் மனைவி வீட்டில் தங்கினார். அவர்களுக்கும் அதே தொழில். பேரரசன் யூதர்களை உரோமையை விட்டு வெளியேறச் சொன்னதால் வீடு வாசல் விட்டு வந்தவர்கள். ஊசியும் கத்தியும் கையில் இருந்தன, பிழைத்துக்கொண்டார்கள். ஒன்றரை ஆண்டு பவுல் அந்த ஊரில் இருந்தார். சில நாள் அவர் போதிக்கப் போயிருப்பார், அவர் பங்குத் தையலைப் பிரிஸ்கில்லா முடித்திருப்பார். அப்படி எழுதியிருக்கவில்லை, என் ஊகம்தான். ஒரே பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு இது நடக்காமல் இருக்காது.

நம் ஊரில் நடந்தது எனக்குத் தெரியும். அந்த மயிலைச் சொன்னேனே. ஒரு இரவு மாமியாருக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பிளவுஸ் கொடுக்க இரண்டு நாள் இருக்கிறது. அடுத்த தெருவில் இன்னொரு சகோதரியும் ஆரி வேலை செய்கிறார். தொழில் போட்டி, ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் வந்து வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, விடிய விடிய உட்கார்ந்து தோகையை முடித்திருக்கிறார். காசு வாங்கவில்லை. "உத்துப் பாத்தா தெரியும் ஃபாதர்" என்று முதலாமவர் பிறகு என்னிடம் சொன்னார். "இடது பக்கம் அவ போட்டது. என்னை விட இறுக்கமா இழுப்பா." மணப்பெண் வீட்டார் யாருக்கும் தெரியவில்லை. மயில் கல்யாணத்துக்குப் போய்விட்டது. மாமி வீடு திரும்பிவிட்டார், படுக்கைக்கே.

இடையில் ஒரு வார்த்தை, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். இந்தப் பெண்கள் பதினைந்து நாள் முதுகு வலிக்கக் குனிந்து செய்த வேலைக்கு, ஐந்நூறு ரூபாய் குறைக்க முடியாதா என்று வாசலில் நின்று பேரம் பேசுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. திருவிழாவுக்கு அலங்கார விளக்குக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று கணக்கு நோட்டு என் மேஜையில் இருக்கிறது. பவுல் காணிக்கையைப் பற்றி எழுதியதை நியாயமான கூலிக்கும் சேர்த்து வாசியுங்கள்.

யாயிர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். அழுகை, கூச்சல். இயேசு தாமதமாக வந்தார், ஆனாலும் வந்தார். அந்தச் சிறுமியின் கையைப் பிடித்து எழுப்புகிறார். அவள் எழுந்து நடக்கிறாள். எல்லாரும் வாயடைத்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் சொன்ன கடைசி விஷயத்தை மாற்கு எழுதி வைத்திருக்கிறார்: பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். உயிர் கொடுத்தது அவர். சோறு போடுகிற வேலையை வீட்டாரிடம் விட்டுவிட்டார்.

நம் பங்கில் எழுந்து நடக்க முடியாதவர்கள் ஏழு வீடுகளில் இருக்கிறார்கள். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டால் கொடுத்து, புரட்டிப் படுக்க வைத்தால் போதும். அந்த மூன்று மணி நேரத்தில் வீட்டுப் பெண் ஊசி எடுத்தாலும் சரி, தூங்கினாலும் சரி, அது அவர் பாடு. திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்கள் பக்கவாட்டு வாசலில் நோட்டோடு நிற்பார்கள். ஏழு வீடு, ஏழு நாள். ஆண்களும் பேர் எழுதலாம், கஞ்சி ஆற்றிக் கொடுக்க உங்களுக்கும் தெரியும். பேனா நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

எழுந்து நிற்போம். நம்பிக்கை அறிக்கை.